இரண்டு பக்கமும் பச்சை

கோயம்புத்தூரில் கடல் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற ஊருக்குக் கடல் எதற்கு? ஆனால் கடலில் காலைக்கூட நனைத்திராத ஒருவர் கடலுக்குப் போகிற ஆளுக்கு வகுப்பெடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படி வகுப்பெடுத்தவர் என் மச்சாண்டார், என் கணவரின் அண்ணன். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல். கெட்டவராக இருந்திருந்தால் என் பக்கம் பேச நாலு பேராவது கிடைத்திருப்பார்கள்.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் அன்னூர் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு அந்த வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை. "மீன்காரங்க ஊட்டுப் புள்ளைங்களா?" என்று மாமியார் என்னை வைத்துக்கொண்டே கேட்டபோதுகூட அதில் இரண்டு 'ங்க' இருந்தது. அவமானப்படுத்துவதையும் மரியாதையோடு செய்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்றால் தெருவில் நின்று கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், மறுநாள் குழம்பு கேட்டு வருவார்கள்.

அந்த வீட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'ஆகட்டுங்க'. எதைச் சொன்னாலும் ஆகட்டுங்க. சரி என்கிறார்கள் என்று நினைத்து நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டால் ஆகட்டுங்க. வெள்ளிக்கிழமை வரும், போகும், யாரும் செருப்பைக்கூட மாட்ட மாட்டார்கள். 'நீ சொன்னது என் காதில் விழுந்தது' என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் அர்த்தம் கிடையாது. செய்கிறேன் என்றும் அர்த்தமில்லை, செய்ய மாட்டேன் என்றும் அர்த்தமில்லை. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. என் அண்ணனுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சாண்டார் கணபதியில் ஒரு பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகள் செய்கிற பட்டறை. பெட்டியின் முகப்பில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். பச்சை எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. தோட்டத்துக்காரர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே மோட்டார் ரூமை எட்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் நிம்மதியாக உள்ளே போய்விடுவார்கள். மச்சாண்டார் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த விளக்கு அது. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் சாதாரண பல்புகளை விட்டுவிட்டு எல்.ஈ.டி.க்கு மாறினார். பொட்டு அளவு விளக்கு, சூடாகாது, ஃபியூஸ் போகாது, வருடக்கணக்கில் எரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசாமல் அவர் காப்பி கொடுக்க மாட்டார்.

என் அண்ணன் அப்போது ஒரு விசைப்படகு வைத்திருந்தான். படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. தூரத்தில் சிவப்பு தெரிந்தால் அந்தப் படகு தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகிறது, பச்சை தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக உன்னைப் பார்த்து வருகிறது, ஒதுங்கு. இருட்டில் படகு தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துத்தான் ஒருவன் இன்னொருவன் மேல் மோதாமல் வீடு திரும்புகிறான்.

அண்ணனின் படகில் அந்த விளக்குகள் சாதாரண பல்புகள். எஞ்சின் அதிர்வில் உள்ளே இருக்கும் கம்பி அறுந்துவிடும், உப்புக் காற்றில் ஹோல்டர் துருப்பிடித்துப்போகும். அப்படிப் பல்பு போன ஒரு சமயம் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்க்காமலேயே பக்கத்தில் கடந்து போனது. அதன் அலையில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தப்பியது மறுபிறப்பு. அண்ணி அதை என்னிடம் போனில் சொல்லி அழுதாள். அண்ணன் அதைப் பற்றிப் பேசவே மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் எஞ்சின் சாமான் வாங்க கோயம்புத்தூர் வந்தான். மச்சாண்டாரின் பட்டறையில் எல்.ஈ.டி.யைக் கையில் வாங்கிப் பார்த்தவன் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, இதை எங்க போட்டுல போட முடியுமா? ஆடுனாலும் போவாதுங்கிறீங்களே."

"செஞ்சுபோடலாமுங்க தம்பி. அதிலென்னுங்க இருக்குது."

அண்ணன் அவரை உட்காரவைத்து விளக்கினான். நானும் கூடவே இருந்தேன். இடது கையைத் தூக்கி "இது செவப்பு" என்றான், வலது கையைத் தூக்கி "இது பச்சை" என்றான். "ரெண்டும் சேந்து எரியணும்ணே, எப்பவும் எரியணும்" என்றான். குழந்தைக்குச் சொல்வதைப்போலச் சொன்னான்.

"ஆகட்டுங்க" என்றார் மச்சாண்டார்.

அண்ணன் சந்தோஷமாக பஸ் ஏறினான்.

பிறகு மச்சாண்டார் உண்மையிலேயே உழைத்தார், அதை மறைக்க மாட்டேன். பளிச்சென்ற பச்சை எல்.ஈ.டி. இங்கே கிடைக்கவில்லை என்று பம்பாயிலிருந்து வரவழைத்தார். கொத்துக் கொத்தாகச் சேர்த்து, அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் புகாமல் ஓரமெல்லாம் சிலிக்கான் பூசினார். பெட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பார்த்தார். நான் பட்டறைப் பக்கம் போனபோது இரண்டு பெட்டியிலும் சிவப்பும் பச்சையும் கலந்து இருப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க மாமா ரெண்டுலயும் ரெண்டு கலரு?" என்று கேட்டேன். "அது ஒரு ஐடியாங்க அம்மணி" என்றார். என்னிடம் அதற்கு மேல் சொல்வதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? நான் வீட்டுக்கு வந்த பெண், அதுவும் மீன்காரங்க ஊட்டுப் பெண்.

ஒரு சனிக்கிழமை வேனில் கிளம்பினோம். மச்சாண்டார், என் கணவர், நான். அண்ணி வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்து, நண்டுக் குழம்பும் வைத்திருந்தாள். மச்சாண்டார் இலை முன்னால் உட்கார்ந்து, "வயிறு கொஞ்சம் செரியில்லீங்க, தயிர் மட்டும் போதுமுங்க" என்றார். ஊரில் ஆட்டுக்கறி என்றால் இரண்டு முறை சோறு வாங்குகிற வயிறு அது. அண்ணி முகம் வாடிப்போய் தயிர் வாங்கிவரக் கடைக்கு ஓடினாள். நான் வாயைத் திறந்தேன். என் கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மிதித்துவிட்டு அவர் மட்டும் மூன்று துண்டு வஞ்சிரம் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் துறைமுகத்துக்குப் போனோம். பழைய விளக்குகளைக் கழற்றினார் மச்சாண்டார். மாடலுக்கு ஆகும் என்று தன் சாமான் பையில் போட்டுக்கொண்டார். புதுப் பெட்டிகளை இரண்டு பக்கமும் திருகி, ஒயர் இழுத்து, எஞ்சின் டைனமோவிலிருந்து ஒரு ரிலே கொடுத்து, பேட்டரியில் மாட்டினார். வேலை அத்தனை சுத்தம். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒயரை அப்படி வரிசையாகக் கட்டி நான் பார்த்ததே இல்லை. வெயில் இறங்கிய பிறகு, "ஏனுங்க தம்பி, எஞ்சினைப் போடுங்க" என்றார்.

எஞ்சின் ஓடியது. இரண்டு பக்கமும் பச்சை எரிந்தது.

"இப்ப நிறுத்துங்க."

எஞ்சின் நின்றது. இரண்டு பக்கமும் சிவப்பு எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மச்சாண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "எஞ்சின் ஓடுதா நிக்குதான்னு கரையில இருந்தே கண்டுபிடிச்சுபோடலாமுங்க. ஊட்டுல பொம்பளைங்க கவலைப்பட வேண்டியதில்லைங்க."

படகை ஸ்டார்ட்டர் பெட்டி ஆக்கிவைத்திருந்தார்! எனக்கு ஒரு நிமிடம் சிரிப்புதான் வந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் வலையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அண்ணன் இப்போது வெடிக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். மீன் ஏலத்தில் ஒரு கூடைக்காக ஊரையே இரண்டாக்குகிறவன் அவன்.

"ரொம்ப நல்லாருக்குண்ணே" என்றான்.

நான் அவனைத் தனியாக இழுத்துப் போனேன்.

"உனக்கு என்ன பைத்தியமா? ரெண்டு பக்கமும் பச்சையோட போனா எதிர்ல வர்றவன் என்ன நெனப்பான்?"

"தெரியும். சத்தம் போடாத. அவ்ளோ தூரத்துலேருந்து வந்து செஞ்சு குடுத்துருக்காரு. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நாளைக்கு அந்த வூட்டுல இருக்கப்போறவ நீதான்."

"அப்ப இன்னிக்கி இதோடவா கடலுக்குப் போற?"

"அவரு போட்டோ எடுக்கணுமாம், விளக்கோட படகு கிளம்புறத. ஒரு ராத்திரிதான. அவங்க ஊருக்குப் போனதும் கழட்டிடுறேன்."

ஒரு ராத்திரிதானாம்! கப்பல் வருவதற்கு எத்தனை ராத்திரி வேண்டும்? இடப்பக்கத்தில் பச்சையைப் பார்க்கிற கப்பல்காரன் அதை வலப்பக்கம் என்று நினைப்பான். படகு போகிற திசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வான். நமக்கு வழிவிடுவதாக நினைத்து நம் மேலேயே திருப்புவான். இது அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் போகிறேன் என்கிறான், எதற்காக? ஒருவர் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக. தங்கைக்குப் புகுந்த வீட்டில் ஒரு சொல் வரக் கூடாது என்பதற்காக. செத்துப்போனால் என்ன சொல் வரும் என்று யோசித்தானா? என் பெயரைச் சொல்லி ஒருவன் சாகப் போவதைவிட எனக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்?

என் கணவரிடம் ஓடினேன். "உங்க அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார். "சமயம் பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றார். படகில் ஐஸ் ஏற்றி முடித்துவிட்டார்கள், இவர் சமயம் பார்க்கிறாராம்.

நானே போய் மச்சாண்டார் முன்னால் நின்றேன். அந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. மச்சாண்டாரிடம் பேச வேண்டுமானால் மாமியார் வழியாகவோ புருஷன் வழியாகவோதான் பேசுவார்கள்.

"மாமா, ரெண்டு பக்கமும் ஒரே கலர் எரியக் கூடாதுங்க. ஆளு செத்துப்போவாங்க."

அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "அம்மணி பயந்துக்கறாப்ல இருக்குது" என்றார். பிறகு பொறுமையாக, மிகவும் பொறுமையாக விளக்கினார். "உலகம் பூராவும் பச்சைன்னா ஓட்டம், சிவப்புன்னா நிறுத்தமுங்க. கரைக்கு ஒண்ணு கடலுக்கு ஒண்ணுன்னு இருக்குமுங்களா? உங்கண்ணனே நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டாரு."

"அவன் மரியாதைக்குச் சொல்றானுங்க."

"பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு ஃபிலிம் மாட்ட ஆரம்பித்தார்.

என் அண்ணன் எஞ்சினைப் போட்டான். இரண்டு பக்கமும் பச்சை. கயிற்றை அவிழ்க்க ஒரு ஆள் குனிந்தான். மச்சாண்டாரின் சாமான் பை என் காலடியில் திறந்து கிடந்தது. கட்டிங் பிளேயரை எடுத்தேன். எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் ஆகாது என்பார்கள். மீனை விற்கலாம், வலையைத் தூக்கலாம், புருஷன் செத்தால் கரையில் நின்று நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம். ஏற மட்டும் கூடாது. நான் ஏறினேன். சேலை கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. அத்தனை அழகாக வரிசை கட்டியிருந்த ஒயர்களை ஒரே வெட்டாக வெட்டினேன். மறுபக்கம் போய் அங்கேயும் வெட்டினேன்.

"எறங்குடி கீழ!" அண்ணனின் குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டது. இத்தனை நேரம் அந்தக் குரல் எங்கே இருந்தது? என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மச்சாண்டார் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. சின்னதுலேருந்தே இவளுக்கு வாய் ஜாஸ்தி. நாங்க சரியா வளக்கல."

"பரவாயில்லீங்க தம்பி, விடுங்க" என்றார் மச்சாண்டார். என்னை மன்னித்தார்! கொலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, தடுத்தவளைப் பெரிய மனது பண்ணி மன்னித்தார். என் கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குப் படகு கிளம்பவில்லை. பெண் ஏறிய படகை எடுக்க ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வருகிற வழியில் மச்சாண்டார் கரூரில் வேனை நிறுத்தி, "அம்மணிக்குக் காப்பியா டீயான்னு கேளப்பா" என்று தம்பியிடம் சொன்னார். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன்.

வீட்டில் விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது, கரூரிலிருந்து போன் போயிருக்க வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு சித்தி போன் செய்து விசாரித்தார். மாமியார் என் தலையைத் தடவி, "பொம்பளைப் புள்ளைக்கு இத்தனை கோவம் ஆகாது கண்ணு, அனுசரிச்சுப் போகோணும்" என்றார். வந்தவர் போனவர் எல்லாரும் என் கோபத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் எதற்கு வெட்டினேன் என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உட்காரவைத்து விளக்கியிருப்பேன். விளக்கைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை.

ஆனால் மச்சாண்டார் யாரிடமோ விசாரித்திருக்கிறார். யாரிடம் என்று எனக்குத் தெரியாது. கொச்சியில் அவருக்கு ஒரு வாடிக்கைக்காரர் உண்டு, அவராக இருக்கலாம். சில வாரம் கழித்துப் பட்டறையில் புதிதாக இரண்டு பெட்டிகள் தயாராயின. ஒன்றில் வெறும் சிவப்பு. இன்னொன்றில் வெறும் பச்சை. எது எந்தப் பக்கம் என்று பெயின்டில் எழுதியிருந்தது. எஞ்சினைப் பார்த்து நிறம் மாற்றுகிற ரிலே கிடையாது, ஒரே ஸ்விட்ச், இரண்டும் சேர்ந்து எரியும். அண்ணன் முதல் நாளே கையைத் தூக்கிக் காட்டினானே, அதேதான். பழைய விளக்குகளையும் கூடவே வைத்து லாரி பார்சலில் அனுப்பினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே கணவர் சொல்லித்தான் தெரியும்.

"அத்தனை நடந்தும் மறுபடி செஞ்சு அனுப்பிச்சிருக்கறாரு பாரு. என்ன பெருந்தன்மை!" என்றார் கணவர்.

"அப்ப நான் சொன்னது சரின்னு ஆச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குக் கண்ணு இப்ப" என்றார்.

அண்ணன் என்னிடம் மறுபடி பேச மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் போன் அடித்தது. எடுத்தால் அவன் குரல். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான்.

"நேத்து ஒரு கப்பல், பாப்பா. நேரா எங்களப் பாத்து வந்துச்சு. எங்க எஞ்சின் வேற மக்கர் பண்ணி நின்னுபோச்சு, ஒதுங்க வழியில்ல. முடிஞ்சிதுன்னுதான் நெனச்சேன். செவப்பையும் பச்சையையும் சேத்துப் பாத்துட்டு அவனே திருப்பிட்டுப் போயிட்டான். பழைய பல்பா இருந்திருந்தா இன்னிக்கி நான் பேசிருக்க மாட்டேன்."

நல்லா இருக்கியா, எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"நல்லா இருக்கோம். உன் மச்சாண்டார்கிட்ட நான் நன்றி சொன்னேன்னு மறக்காம சொல்லிடு. அவரு தெய்வம் மாதிரி."

"வேற ஒண்ணும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"வேற என்ன? காசு ஏறுது, வெக்கிறேன்" என்றான்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். மச்சாண்டார் அதே கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து, "உங்கண்ணனுங்களா? என்னுங்க சொல்றாரு?" என்றார்.

"நல்லா இருக்காருங்க" என்றேன்.

நன்றியை நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அது எனக்குச் சேர வேண்டியது. நானே வைத்துக்கொண்டேன்.